நான்காம் மாதம் திறக்க நினைத்த கதவு, பத்தாம் மாதம் திறந்தது

பூனைக்குட்டியை எப்போது வெளியே விடலாம் என்று யாரைக் கேட்டாலும், "ஊசி முடியட்டும், ஆபரேஷன் முடியட்டும்" என்பார்கள். சரியான பதில்தான். ஆனால் அந்த இரண்டும் முடிய எத்தனை மாதம் இழுக்கும், நடுவில் எங்கெல்லாம் தேதி நழுவும் என்று யாரும் சொல்வதில்லை. எங்களுடையது மார்ச் நடுவில் பிறந்த பெட்டைக் குட்டி. ஜூலையில் ஊசி முடிந்ததும் வலை கட்டாமலே கொல்லைப்பக்கம் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டோம். வலையும் கயிறும் இல்லாமல் அது வெளியே கால் வைத்தது பொங்கலுக்குப் பிறகு. தாம்பரம் பக்கம் தரைத்தள வீடு, ஐந்தடி காம்பவுண்ட் சுவர், பின்னால் காலிமனை, தெருவில் ஆறேழு நாய்கள். இதே மாதிரி இடத்தில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஊசியிலேயே முதல் சறுக்கல். மூன்று நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசியை எட்டு அல்லது ஒன்பதாம் வாரம் ஒன்று, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொன்று என்று இங்கே பெரும்பாலும் இரண்டோடு முடித்துவிடுகிறார்கள். வெளியே விடப்போகும் குட்டிக்குப் பதினாறாம் வாரம் தாண்டி மூன்றாவது ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி சில குட்டிகளுக்கு நாலு மாதம் வரைகூட நிற்கும். அது இருக்கும்வரை போட்ட ஊசி வேலை செய்யாமல் போகலாம். இந்த மூன்றில் ஒன்றான பான்லூக்கோபீனியா குட்டிகளைக் கொல்லும் குடல் நோய். அதன் வைரஸ் தெருமண்ணில் மாதக்கணக்கில், சாதகமான இடத்தில் ஒரு வருடம்கூட உயிரோடு இருக்கும். நம் செருப்பில் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வந்துவிடும். ரேபிஸ் ஊசி பன்னிரண்டு வாரம் ஆனபின். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம் கழியாமல் வாசலைத் திறக்கக் கூடாது.

இரண்டாம் ஊசிக்குப் போன அன்று கிளினிக்கில் மருந்தே இல்லை. நாய்க்கான ஊசி எப்போதும் இருக்கும், பூனையுடையது தீர்ந்தால் வரப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்பதை அங்கே போய் நின்ற பிறகுதான் சொன்னார்கள். வெயிலில் கூடைக்குள் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு கிளினிக் போனோம். அங்கே கவுன்டரில் இருந்தவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஸ்டிக்கர் இல்லையே, முதல்லேருந்து போடணும்" என்றார். முதல் ஊசி போட்டவர்கள் தேதியும் கையெழுத்தும் மட்டும் வைத்திருந்தார்கள். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டும் ஸ்டிக்கர் அட்டையில் இல்லை. மறுநாள் முதல் இடத்துக்கே போய், அவர்கள் பதிவேட்டைப் புரட்டி பேட்ச் எண்ணையும் காலாவதித் தேதியையும் எழுதி சீல் வைத்துத் தந்த பிறகே விஷயம் தீர்ந்தது. ஆகவே ஊசி போட்டு முடித்ததும் மேசையை விட்டு எழுந்திருக்கும் முன் ஸ்டிக்கர், பேட்ச் எண், அடுத்த தேதி மூன்றும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஊசிக்கு இரண்டு நாள் முன்னால் போன் போட்டு, "பூனை ஊசி இருக்கா" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். குடல்பூச்சி மருந்து விஷயத்தில் ஒரு சிக்கலும் வரவில்லை.

கருத்தடைதான் அதிகம் இழுத்தது. பெட்டைக் குட்டி நாலு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடக்கூடும். பகல் வெளிச்சம் குறையும் குளிர்நாடுகளில் சில மாதங்கள் இடைவெளி கிடைக்கும். நம் ஊரில் வருடம் முழுக்க வெளிச்சம் இருப்பதால் அந்த நிம்மதி கிடையாது. கர்ப்பம் ஒன்பது வாரம்தான், அதனால் ஒரே ஒரு நாள் கதவு திறந்திருந்தாலும் போதும். ஆகஸ்ட்டில் ஐந்து மாதம் ஆனதும் தேதி வாங்கினோம். அந்த வாரம் பார்த்துத் தும்மலும் கண்ணில் நீரும். சளி இருக்கும்போது மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், அது நியாயம். இரண்டு வாரம் தள்ளிப்போட்டார்கள். அந்த இரண்டு வாரத்துக்குள் பருவம் வந்துவிட்டது. ராத்திரி முழுக்கக் கத்தல், பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கித் தரையில் உருளல், சுவர் மேல் இரண்டு கடுவன்கள் காவல். அந்தச் சமயத்தில் கர்ப்பப்பைக்கு ரத்த ஓட்டம் கூடியிருக்கும் என்பதால் பல மருத்துவர்கள் அது அடங்கட்டும் என்பார்கள். செப்டம்பர் மூன்றாம் வாரம்தான் முடிந்தது. ஐந்தாம் மாதத்துக்குத் தேதி வேண்டும் என்றால் நாலாம் மாதமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இடம் விட்டு வாங்கினால் இந்தச் சளிக்கெல்லாம் ஈடு இருக்கும்.

ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடுவதைப் பற்றி ஒன்று. "ராத்திரியிலேருந்து ஒண்ணும் குடுக்காதீங்க" என்று போனில் பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது வளர்ந்த நாய் பூனைக்கான கணக்கு. ஒன்றரை இரண்டு கிலோ குட்டியை அவ்வளவு நேரம் காயப் போட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். எங்கள் முறை வரும்போது மதியம் இரண்டு மணி. குட்டி துவண்டுபோய்க் கிடந்தது. மயக்கம் கொடுக்கும் மருத்துவரிடமே, "எத்தனை மணிக்கு எடுப்பீங்க, எத்தனை மணி வரைக்கும் சாப்பாடு தரலாம்" என்று கேளுங்கள். குட்டிகளுக்கு நாலு மணி நேரம் போதும் என்று சொல்பவர்கள் நிறைய பேர். காலையில் முதல் ஆளாக எடுக்கச் சொல்லிக் கேட்டால் தருகிறார்கள்.

இதற்கிடையில் கொல்லையில் வலை. நேராகத் தெருவுக்கு விடாமல் முதலில் வலை கட்டிய இடம் என்று முடிவெடுத்தது ஒன்றுதான் நாங்கள் ஆரம்பத்திலேயே சரியாகச் செய்த காரியம். பன்னிரண்டுக்கு எட்டடி இடம். வந்தவர் பால்கனிக்குப் புறா வலை கட்டுகிறவர், இரண்டு அங்குலக் கண் வலையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். அன்று சாயங்காலமே குட்டி ஒரு மூலையில் தலையை நுழைத்து, காதுக்குப் பின்னால் நூல் இறுகி, முன்னும் பின்னும் போக முடியாமல் நின்றது. அந்த நேரம் இழுக்கவே கூடாது. ஒருவர் உடம்பைத் தாங்கிப் பிடிக்க, இன்னொருவர் கத்தரியால் நாலு கண்ணி வெட்டினோம். இரண்டு நிமிட வேலை. ஆள் இல்லாத நேரம் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

பிறகு எல்லாவற்றையும் பிரித்து, தரையிலிருந்து நாலடி வரை ஓர் அங்குலக் கண் ஜி.ஐ. வெல்டு மெஷ் (துத்தநாகம் பூசிய கம்பி வலை), அதற்கு மேலும் கூரைக்கும் ஓர் அங்குல நைலான் வலை. நைலானைக் குட்டி கடித்தே அறுத்துவிடும், அதனால் கீழே கம்பிதான் வேண்டும். கட்டுவதற்கு வெள்ளை நிற பிளாஸ்டிக் கேபிள் டை வேண்டாம், வெயிலில் சில மாதத்தில் நொறுங்கிவிடுகிறது. வெயில் தாங்கும் கறுப்பு டை கேளுங்கள், அல்லது கட்டுக்கம்பியால் முறுக்கி, முனையை வெளிப்பக்கம் மடக்கிவிடுங்கள். கீழ் விளிம்பைத் தரையில் வெறுமனே தொட்டு நிறுத்தினால் போதாது. பெருச்சாளி ஒரே ராத்திரியில் தோண்டிவிடும், பெருச்சாளி போகிற வழியில் குட்டி தாராளமாகப் போகும். அரையடி மண்ணுக்குள் இறக்கி, மேலே செங்கல் வரிசை வைத்த பிறகுதான் அடங்கியது. வாரம் ஒரு முறை விளிம்பு முழுக்கக் கையால் தடவிப் பாருங்கள். சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடியில் விரல் நுழையும் இடைவெளி இருந்தாலும் கல் வையுங்கள்.

அடுத்தது மார்புப் பட்டை, கயிறு. ஆன்லைனில் "பூனைக்குட்டி சைஸ்" என்று வருவதை நம்ப வேண்டாம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை டெய்லர் டேப்பால் அளந்து வாங்குங்கள். கழுத்திலும் வயிற்றிலும் இரண்டு மெல்லிய வார் மட்டும் உள்ளதைவிட, சட்டை மாதிரி மார்பை மூடும் வகையே பத்திரம். இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. குட்டி வளரும் வேகத்துக்கு வாரம் ஒரு முறை வாரைத் தளர்த்த வேண்டியிருக்கும்.

எங்களுடையது மெல்லிய வார் வகை. கயிற்றோடு கேட் பக்கம் நின்றிருந்தபோது ஒரு புல்லட் பைக் கடந்து போனது. குட்டி முன்னால் ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, முழங்கையை உடம்போடு ஒட்டி, பின்பக்கமாக நகர்ந்தது. வார் காதைத் தாண்டி வழுக்கி வந்து என் கையில் வெறும் பட்டை. இரண்டு நொடிகூட ஆகவில்லை. நல்ல வேளையாகக் கொல்லைப்பக்கம் ஓடியது. பூனை பட்டையிலிருந்து கழன்று போவது பெரும்பாலும் இப்படித்தான். எனவே புதுப் பட்டையை அறைக்குள்ளேயே சோதியுங்கள்: கயிற்றைக் குட்டிக்கு முன்னால், தரை மட்டத்தில் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். பின்வாங்கிக் கழற்ற முடிந்தால் அந்தப் பட்டை வெளியே ஆகாது. பயந்த குட்டியைக் கயிற்றால் இழுக்காமல் நீங்கள் அதன் பக்கம் போக வேண்டும்.

பட்டை பழக ஒரு வாரம் முதல் பத்து நாள். முதலில் சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் பட்டை கிடக்கட்டும். பிறகு சாப்பிடும் நேரம் ஐந்து நிமிடம் மாட்டுங்கள். செத்ததுபோல் சாய்ந்து விழும். பதறாமல் தட்டைக் காட்டுங்கள், எழுந்துவிடும்.

கூப்பிட்டால் வர வேண்டும் என்பதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், இதை முதல் நாளிலிருந்தே ஆரம்பித்துவிடலாம். ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் தீனி போட்டு, ஒவ்வொரு வேளையும் குலுக்கிய பிறகே தட்டில் கொட்டுங்கள். அந்தச் சத்தத்தைத் திட்டவோ, மருந்து கொடுக்கவோ, குளிப்பாட்டவோ ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. பத்துக்குப் பத்து முறை அடுத்த அறையிலிருந்து ஓடி வந்தால் தயார். வெளியே விடுவது எப்போதும் சாப்பாட்டுக்கு முன்னால்தான், வயிறு நிறைந்த குட்டி டப்பாவுக்கு அசையாது.

அக்டோபரில் தையல் ஆறி எல்லாம் தயாரானபோது தீபாவளி வந்துவிட்டது. வெடிச் சத்தம் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து அடங்கும் வரை வலைக்குள்கூட விடவில்லை. பின்னாலேயே மழை. காலிமனையில் தண்ணீர் ஏறினால் பாம்பு காம்பவுண்டுக்குள் வரும். நனையாத இடம் தேடும் பூனை வண்டி இன்ஜினுக்குள் ஏறிப் படுக்கும். பக்கத்து வீடுகளில், "வண்டி எடுக்கும்போது பானெட்டை ஒரு தட்டு தட்டுங்க" என்று சொல்லி வைத்தோம்.

அக்கம்பக்கத்தாரிடம் முக்கியமாகப் பேச வேண்டியது எலி மருந்து. "அக்கா, எலி மருந்து வைக்கிறதா இருந்தா ஒரு வார்த்தை சொல்லிடுங்க, அன்னைக்குக் குட்டிய உள்ளேயே வச்சுக்கறோம்" என்று கேட்டால் யாரும் முறைப்பதில்லை. இரண்டு வீட்டில், "நாங்க எலி மருந்து கேக்தான் வைக்கிறோம், பூனைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஆகும். ரத்தம் உறையாமல் செய்யும் அந்த வகைக்குச் சில நாள் கழித்துத்தான் அறிகுறி தெரியும்: ஈறு வெளுப்பு, சோர்வு, மூச்சு வாங்கல். வைட்டமின் கே1 மாற்று மருந்து உண்டு, ஆனால் அறிகுறி வரும்வரை காத்திருக்கக் கூடாது. மருந்து உறையைக் கையோடு எடுத்துக்கொண்டு ஓடுங்கள். எலிப் பசை அட்டையில் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் சமையல் எண்ணெய் தேய்த்து விடுவியுங்கள். உண்ணிக்கு நாய் மருந்தைக் கொஞ்சமாகப் போடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போகலாம். உறையில் பூனைப் படமும் எடை அளவும் உள்ளது மட்டும்.

ஜனவரியில் முதல் நாள். மாலை நாலரை மணி, தளம் சூடு ஆறியிருந்தது. கையில் தூக்கிக்கொண்டு போய் வெளியே விடாதீர்கள். பின்கதவைத் திறந்து வைத்துவிட்டு, குட்டி தன் காலால் முகர்ந்து முகர்ந்து போகட்டும், அப்போதுதான் திரும்பும் வழி அதற்குத் தெரியும். பத்து நிமிடத்தில் டப்பா, உள்ளே. மறுநாள் பதினைந்து. "மலம் கழித்த மண்ணை வாசலில் கொட்டி வை, வழி தெரியும்" என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், கடுவன்கள்தான் வரும்.

ஐந்தாம் நாள் கேட்டுக்கு வெளியே இரண்டு நாய்கள் கட்டிப்புரண்டன. குட்டி மாமரத்தடியில் இருந்தது. டப்பாவைக் குலுக்க நான் கை வைக்கும் முன்பே, வழக்கமாக நடக்கும் அதே தடத்தில், துளசி மாடத்தைச் சுற்றி, துணி துவைக்கும் கல் மேல் ஏறி, பின்கதவுக்குள் போய்விட்டது. அவ்வளவு மாதம் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு ஓட்டத்தில் கரைந்தது.

இப்போது மாலையில் நாற்பது நிமிடம், ஆள் கூடவே. ஆறு மணிக்கு மேல் கிடையாது. மொட்டை மாடி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. மூன்றடி கைப்பிடிச் சுவரை அது ஒரே தாவலில் ஏறும், மேலே பருந்து வட்டமிடும். என்றாவது திரும்பி வராமல் போனால் தெருத்தெருவாக அலைய வேண்டாம். பழகாத பூனை முதலில் மூன்று நான்கு வீட்டுத் தொலைவுக்குள்ளேயே, காருக்கடியிலோ சன்ஷேடிலோ சத்தமின்றிப் பதுங்கியிருக்கும். ராத்திரி பதினொன்றுக்கு மேல், தெரு அடங்கியதும், டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்து அடியிலெல்லாம் அடித்துப் பாருங்கள். இரண்டு பச்சைப் புள்ளி மின்னினால் அங்கேயே உட்கார்ந்து டப்பாவைக் குலுக்குங்கள்.