வாஷிங்டன் என்ற பெயரைத் தேடிப் போனேன்

எங்கள் ஊர் வாஷிங்டன் என்று சொன்னால், "அமெரிக்காவுக்கு எப்போ போனீங்க?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடகிழக்கில், சண்டர்லாந்து மாநகரத்தோடு சேர்ந்த வாஷிங்டனில். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஊர்ப்பெயர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பேசும் வேலையை என் தலையில் கட்டினார்கள். குடியிருக்கிற ஊரிலிருந்தே ஆரம்பிப்போம் என்று இறங்கினேன்.

'வாஷ்' என்றால் துவைப்பது, பக்கத்தில் வியர் ஆறு ஓடுகிறது, ஆகவே இது சலவைக்காரர் ஊர் என்று ஒரு விளக்கம் தயாராகவே இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், ஒன்றுக்கும் உதவாது. ஊர்ப்பெயருக்குப் பொருள் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டலை மூடி வைத்துவிட வேண்டும். கிடைப்பதிலேயே பழைய வடிவம் எது என்று பார்க்க வேண்டும்.

இங்கிலாந்தில் அதற்கு எல்லாரும் முதலில் புரட்டுவது 1086-ஆம் ஆண்டில் அரசர் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகத்தை. அதில் 'வாசிங்கெட்டூன்' என்று ஒரு பதிவு இருக்கிறது. ஆனால் அது தெற்கே சசெக்ஸில் இருக்கும் வேறொரு வாஷிங்டன். எங்கள் ஊர் அப்போது சேர்ந்திருந்த டர்ஹம் பக்கம் டூம்ஸ்டே கணக்கெடுத்தவர்கள் வரவே இல்லை. இங்கே கணக்கெடுத்தது கிட்டத்தட்ட நூறு வருடம் கழித்து, 1183-ல். டர்ஹம் பிஷப்பாக இருந்த ஹியூ டு புய்செ தன் நிலங்களில் யார் யார் இருக்கிறார்கள், என்ன குத்தகை தருகிறார்கள் என்று எழுதி வைக்கச் சொன்னார். போல்டன் புத்தகம் என்று அதற்குப் பெயர். அதில்தான் 'வாசிங்டோனா' வருகிறது.

பழைய வடிவம் கையில் வந்துவிட்டால் மீதி வேலை சுலபம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம் இங்கிலாந்து ஊர்ப்பெயர்களுக்கு இணையத்தில் இலவசத் தேடல் வைத்திருக்கிறது. நூலகத்தின் ஊர்ப்பெயர் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பெயரின் முதல் பகுதி ஹ்வாசா என்று ஒரு ஆள். நடுவில் வரும் 'இங்' அவனைச் சேர்ந்தது என்று காட்டுகிறது. கடைசியில் பழைய ஆங்கிலச் சொல்லான 'தூன்': முதலில் வேலி போட்ட இடம், பிறகு பண்ணை, பிறகு ஊர். ஆடு மாடு அடைக்கிற பட்டிதான் நமக்கு ஆண்டிபட்டியும் உசிலம்பட்டியும் ஆனது, அது மாதிரி. ஆக, ஹ்வாசாவின் பண்ணை. சசெக்ஸ் வாஷிங்டனுக்கு விளக்கம் வேறு: வாசா என்பவனின் கூட்டத்தார் இருந்த பண்ணை. இரண்டு ஊரும் இன்று ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன, ஆட்கள் வேறு வேறு. ஹ்வாசா யார், எப்படி இருந்தான் என்று எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்த ஊர்ப்பெயர் குடும்பப் பெயர் ஆனது எப்படி என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. அதே போல்டன் புத்தகத்தில் ஹெர்ட்பர்ன் ஊர் வில்லியம் என்பவர், அந்த ஊரை விட்டுக்கொடுத்து அதற்கு மாற்றாக வாஷிங்டனை வாங்கிக்கொண்டார் என்று இருக்கிறது. வருடத்துக்கு 4 பவுண்டு குத்தகை. பிஷப் பெரிய வேட்டைக்குப் போகும்போது நாய்களோடு கூடப் போக வேண்டும். ஹெர்ட்பர்ன் வில்லியம் அதன்பின் வெசிங்டன் வில்லியம் ஆகிவிட்டார். வீடு மாறினார், பெயரும் மாறியது! அவர் வழிவந்த ஒரு கிளை லங்காஷயர் போய், பிறகு நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊரை 1539-ல் வாங்கியது. அந்தக் கிளையில் ஒருவர் 1650-களில் வர்ஜீனியாவுக்குக் கப்பலேறினார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஜார்ஜ் வாஷிங்டன்.

எங்கள் ஊரில் இருக்கும், அந்தக் குடும்பத்தோடு தொடர்புள்ள பழைய மாளிகைக்கும் போய்வந்தேன். குடும்பச் சின்னத்தில் வெள்ளைப் பின்னணி, இரண்டு சிவப்புப் பட்டைகள், மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்கள். அமெரிக்கத் தலைநகரத்தின் கொடி 1938 முதல் இதே சின்னம்தான். இவ்வளவு பெருமை உள்ள வீட்டில் இடையில் பல ஏழைக் குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனம் இருந்தன. 1930-களில் இடிக்கப் போனதை ஊர்க்காரர்கள் தடுத்து நிறுத்தினார்கள். மாடியில் ஒரு அறையை அந்தக் குடித்தனக் காலத்து மாதிரியே வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த அறைதான் சின்னத்தைவிட மனதில் நின்றது.

அமெரிக்காவில் இந்தப் பெயர் போன வழி தனி. அங்கே 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் உள்ளவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். அடிமைத்தனம் முடிந்து, தங்களுக்கென ஒரு குடும்பப் பெயர் எழுதவேண்டி வந்த தலைமுறையில் பலர் இதை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் சிறுவனாகப் பள்ளியில் சேரும்போது தானே சொன்ன பெயர் அது. அவருடைய வளர்ப்புத் தந்தையின் முதல் பெயர் வாஷிங்டன்.

வகுப்பில் இதையெல்லாம் சொல்லி முடித்ததும் ஒரு பையன், "அப்போ வாஷிங்டன் சுந்தர்?" என்றான். கிரிக்கெட் வீட்டுப் பிள்ளை, கேட்கத்தான் செய்வான். சுந்தருடைய அப்பாவுக்கு இளம் வயதில் படிப்புக்கும் கிரிக்கெட்டுக்கும் உதவியவர் முன்னாள் ராணுவக்காரர் ஒருவர். அவர் பெயர் வாஷிங்டன், அந்த நன்றிக்கு மகனுக்கு வைத்தது என்றேன். உடனே இன்னொருத்தி, "ஆன்ட்டி, எங்க தாத்தா பேரு நெல்சன், அது எந்த ஊரு?" அது ஊர்ப்பெயரிலிருந்து வந்ததே இல்லை, நெல் என்பவரின் மகன் என்று பொருள். ஆனால் லங்காஷயரில் நெல்சன் என்று ஒரு ஊர் உண்டு. அங்கே லார்ட் நெல்சன் என்று ஒரு சத்திரம் இருந்தது, ஊருக்குப் பெயர் அந்தச் சத்திரத்திலிருந்து வந்தது.