பிளாஸ்க்குக்குள் மூச்சு விடும் பட்டாணி

உணவை உடைத்து ஆற்றல் எடுக்கும் செல் சுவாசத்தில் வெப்பம் வெளிப்படும் என்று படித்ததைக் கண்ணால் பார்த்துவிட நெடுநாள் ஆசை. இரண்டு பிளாஸ்க், இரண்டு தெர்மாமீட்டர், காய்ந்த பட்டாணி. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

முதல் நாள்: இரவு முழுக்க ஊறிய பட்டாணியில் பாதியை அப்படியே ஒரு பிளாஸ்க்கில் போட்டேன். மீதியை நன்றாகக் கொதிக்கவிட்டு, ஆறியதும் மற்றதில் போட்டேன். வாயைப் பஞ்சால் அடைத்து இரண்டையும் தலைகீழாக நிறுத்தினேன். சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம்; நிமிர்த்தி வைத்தால் அடியில் தேங்கிவிடும். இரண்டிலும் 27 டிகிரி.

மூன்றாம் நாள்: முளைவிட்டதில் 33. வெந்ததில் அதே 27. அந்த 6 டிகிரியைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது.

குளுக்கோஸை செல் ஒரேயடியாக எரிப்பதில்லை. செல்லை நிரப்பியிருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் அதை இரண்டாக உடைக்கும்போது கையில் நிற்பது 2 ஏடிபி (செல் ஆற்றலைச் சேமித்துச் செலவழிக்கும் மூலக்கூறு) மட்டுமே. பெரிய வேலை செல்லுக்குள் இருக்கும் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில். அங்கே உருவப்பட்ட எலெக்ட்ரான்கள் கைமாறிக் கைமாறி ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கின்றன. அந்த ஓட்டத்தின் வேகத்தில் புரோட்டான்கள் உள்சவ்வுக்கு வெளியே இறைக்கப்படுகின்றன. அணைநீர் மதகு வழியே பாய்வதுபோல் அவை திரும்பும்போது ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி சுழன்று ஏடிபியை உண்டாக்குகிறது. உருவகமில்லை, அது உண்மையாகவே சுழல்கிறது! பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961-ல் இந்தப் புரோட்டான் விளக்கத்தை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை. 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று பழைய பாடப்புத்தகங்கள் சொல்லும். இப்போதைய கணக்கு சுமார் 30 முதல் 32. ஏடிபியில் அடைபடாத ஆற்றல்தான் வெப்பமாகிறது.

ஐந்தாம் நாள்: வெந்த பட்டாணியில் 31! செத்த விதை எப்படிச் சூடாகும்? பஞ்சை எடுத்ததும் வந்த நாற்றமே பதில் சொல்லிவிட்டது. பாக்டீரியா பெருகியிருக்கிறது, அதுவும் உயிர்தானே, அதுவும் சுவாசிக்கிறது. அப்படியானால் முதலில் பார்த்த 6 டிகிரியிலும் அதன் பங்கு இருந்திருக்கலாம். மனசு ஒப்பவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

மறுபடி செய்தபோது இரு பங்கு விதைகளையும் நீர்த்த பிளீச்சிங் கரைசலில் பத்து நிமிடம் போட்டு, கொதித்து ஆறிய நீரில் அலசினேன். பிளாஸ்க்குகளையும் அப்படியே கழுவினேன். மூன்றாம் நாள் முளைவிட்டதில் 32. வெந்தது ஐந்தாம் நாள்வரை 27-ஐத் தாண்டவில்லை. இந்த 5 டிகிரியை நான் நம்புகிறேன்.

அடுத்து, வெளிவரும் வாயுவைச் சோதிக்க வேண்டும். சுண்ணாம்பு நீரைத் தெளியவைத்திருக்கிறேன். பால்போல் வெளுக்கிறதா என்று நாளைக் காலை தெரியும்.