வெப்பப்படங்களை ஒட்டி அகலப்படமாக்கும்போது

பொருள்களின் வெப்பநிலையை வண்ணங்களாகக் காட்டும் வெப்பப்படக் கேமரா ஒன்று என்னிடம் உள்ளது. அது ஒரு படத்துக்கு 320 × 240, அதாவது 76,800 புள்ளிகளை மட்டுமே தருகிறது. நான்கு மாடிக் கட்டடத்தின் முகப்பு முழுவதையும் அதற்குள் அடக்கினால் சன்னல்கள் வெறும் பொட்டுகளாகிவிடும். ஆகவே கேமராவை முக்காலியில் நிறுத்தி, வரிசை வரிசையாகப் பல படங்கள் எடுத்து, அவற்றைக் கணினியில் ஒட்டுகிறேன். சாதாரண ஒளிப்படங்களில் இது கைபேசியே செய்துவிடும் வேலை.

என் முதல் முயற்சியில் ஒரே சுவர் பாதி மஞ்சளாகவும், அடுத்த படம் தொடங்கும் கோட்டிலிருந்து ஊதாவாகவும் வந்தது. கேமரா ஒவ்வொரு படத்திலும் தான் காணும் மிகக் குறைந்த வெப்பநிலையையும் மிக உயர்ந்த வெப்பநிலையையும் எல்லைகளாகக் கொண்டு, அவற்றுக்கிடையே வண்ணங்களைப் பரப்புகிறது. தெளிந்த வானத்தின் ஒரு துண்டு உள்ளே நுழைந்தால் போதும். அது உறைநிலைக்கு வெகு கீழே காட்டுவதால் மொத்தப் படத்தின் நிறமும் இடம்பெயர்ந்துவிடும். எல்லைகளைக் கையால் பூட்டினால் சிக்கல் பெரும்பாலும் தீரும். ஆயினும் வண்ணங்களை ஒட்டவே கூடாது என்பது என் கருத்து. கேமரா சேமிக்கும் வெப்பநிலைத் தரவை எடுத்து, ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் கெல்வினுக்கு மாற்றி நூறால் பெருக்கி, 16 பிட் சாம்பல்நிறப் படமாக எழுதுகிறேன். 20 டிகிரி செல்சியஸ் 29315 என்ற எண்ணாகிறது. ஒட்டும் வேலையெல்லாம் இந்த எண்களின்மீது நடக்கும். வண்ணம் பூசுவது கடைசியில்தான்.

அப்படியும் படங்களுக்கிடையே மெல்லிய படிகள் தெரியும். இத்தகைய கருவிகள் 0.1 டிகிரிக்கும் குறைவான வேறுபாட்டை உணரக்கூடியவை என்றாலும், அவை சொல்லும் அளவின் துல்லியம் பொதுவாகக் கூட்டல் கழித்தல் 2 டிகிரிதான். உணரி சூடேற அளவு மெல்ல நகர்கிறது. அவ்வப்போது உள்ளே ஒரு மூடி 'டிக்' என்று விழுந்து அதைத் திருத்துகிறது. அந்த ஒலிக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு படங்கள் ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க முடியாது. எனவே ஒவ்வொரு வரிசைக்கும் முன்பு நானே அந்தத் திருத்தத்தை இயக்கிவிடுகிறேன். மீந்த வேறுபாட்டை, இரு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதியின் சராசரியைக் கணக்கிட்டு, ஒரே எண்ணாகக் கூட்டியோ கழித்தோ சரிசெய்கிறேன். ஹுகின் போன்ற மென்பொருள்களின் தானியங்கி வெளிச்சச் சீராக்கலை அணைத்துவிடுகிறேன். அது கண்ணுக்கு அழகாகச் செய்யும், ஆனால் எந்த எண்ணை எவ்வளவு மாற்றியது என்று பிறகு பிரித்தறிவது கடினம்.

பொருத்தப் புள்ளிகளை, அதாவது இரு படங்களிலும் தெரியும் ஒரே இடங்களை, தேடுவது பொறுமையைச் சோதிக்கும். பூச்சின் கறைகளும் செங்கல் கோடுகளும் வெப்பத்தில் பெரும்பாலும் மறைந்துவிடுவதால், படங்கள் பாதியளவு ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்து, சன்னல் மூலைகளையும் குழாய்களையும் கையால் குறிக்கிறேன். நிலக்காட்சிகளில் சிக்கல் வேறு: மேகம் ஒன்று கடந்தாலே புல்வெளியின் வெப்பநிலை மாறிவிடும். அதனால் சூரியன் உதிக்கும் முன் விரைந்து எடுத்துவிடுவது நல்லது.

ஒட்டு சரியாக அமைந்தபின்னும் படம் ஏமாற்றலாம். மிக நீண்ட சுவரின் தொலைமுனையைக் கேமரா சாய்வாகப் பார்க்கிறது. பார்வை சுவருக்கு நேரெதிரான திசையிலிருந்து 60 டிகிரிக்கு மேல் சாயச்சாய மேற்பரப்பின் உமிழ்திறன், அதாவது தன் வெப்பத்தைக் கதிராக வெளியிடும் திறன், குறைந்து, அது குளிர்ந்த வானத்தைப் பிரதிபலிக்கத் தொடங்குகிறது. ஒரு படத்தில் அந்த முனை குளிர்ந்திருப்பதைக் கண்டு, அங்கே ஈரம் இறங்கியிருக்கிறது என்று ஒரு நாள் முழுக்க நம்பியிருந்தேன். மறுநாள் சுவருக்கு நேரெதிரே நின்று எடுத்தபோது அந்தக் குளிர்ச்சியைக் காணவில்லை. சன்னல் கண்ணாடியும் இந்தக் கேமரா உணரும் வெப்பக்கதிர்களை ஊடுருவ விடாமல் ஓரளவு வானத்தையே காட்டுவதால், இப்போதெல்லாம் முடிந்த அகலப்படத்தில் கண்ணாடிப் பகுதிகளையும் சுவரின் சாய்ந்த முனைகளையும் வெறும் சாம்பல்நிறத்தால் மூடிவிடுகிறேன்.