ஜார்ஜியாவில் ஸ்டேட்டஸ் இல்லாத மகளைக் கல்லூரியில் சேர்த்த அனுபவம்

என் மகள் 2016-இல் பள்ளிப் படிப்பை முடித்தாள். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே எங்கள் குடும்பம் அமெரிக்காவில் தங்கும் உரிமையை, அதாவது ஸ்டேட்டஸை, இழந்திருந்தது. எங்களைப் போன்ற நிலையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் வெளியே சொல்வதில்லை என்பதால், அவளைக் கல்லூரியில் சேர்க்க நாங்கள் கடந்து வந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் 2004-இல் எச்-1பி விசாவில் அட்லாண்டாவுக்கு அருகிலுள்ள க்வினெட் கவுண்டிக்கு வேலைக்கு வந்தார். நானும் ஆறு வயது மகளும் உடன் வந்தோம். 2009-இல் அவர் வேலை பார்த்த நிறுவனம் மூடப்பட்டது. வேறொரு நிறுவனத்தின் மூலம் மனு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னதை நம்பிக் காத்திருந்தோம். மனு நிராகரிக்கப்பட்டபோது, எதுவரை தங்கலாம் என்று குறிக்கும் எங்கள் ஐ-94 தாளில் இருந்த தேதி கடந்து மாதங்கள் ஆகியிருந்தன. அனுமதியின்றி ஓராண்டுக்கு மேல் தங்கியவர் நாட்டை விட்டு வெளியேறினால் பத்து ஆண்டுகள் திரும்ப வர முடியாது என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஊருக்குத் திரும்பியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் வழி பிறக்கும் என்று நம்பினோம் என்பது மட்டும்தான். மதுரையில் என் மாமியார் இறந்தபோது என் கணவரால் கொள்ளி வைக்கப் போக முடியவில்லை.

பள்ளியில் எங்களுக்கு எந்தத் தடையும் இருந்ததில்லை. குடியேற்ற நிலையைக் காரணம் காட்டி ஒரு குழந்தைக்கும் அரசுப் பள்ளியில் இடம் மறுக்கக் கூடாது என்று டெக்சாஸ் மாநிலத்து வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே பள்ளியில் முகவரிச் சான்றும் தடுப்பூசி அட்டையும் கேட்டார்களே தவிர, விசாவைக் கேட்கவில்லை. அந்தத் தீர்ப்பு பன்னிரண்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

2012 ஜூன் 15 அன்று அதிபர் ஒபாமா டாக்கா (DACA) திட்டத்தை அறிவித்தார். பதினாறு வயதுக்கு முன்பு வந்து, 2007 ஜூன் 15 முதல் தொடர்ந்து இங்கே வாழ்ந்து, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளை இரண்டு ஆண்டுகளுக்கு நாடு கடத்தாமல் விட்டு, வேலை செய்யும் அனுமதியும் தருவதே அத்திட்டம். அதனால் குடியுரிமையோ கிரீன் கார்டோ கிடைக்காது. அன்று இரவுதான் எங்கள் நிலையை மகளிடம் முழுமையாகச் சொன்னோம். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. வெகுநேரம் பேசாமல் இருந்தவள், "அப்ப எனக்கு மட்டும் கிடைக்கும், உங்க ரெண்டு பேருக்கும் கிடைக்காதா அம்மா?" என்று கேட்டாள். கிடைக்காது என்றேன்.

விண்ணப்பிக்கப் பதினைந்து வயது நிறைய வேண்டும் என்பதால் 2013 பிப்ரவரி வரை ஆவணங்களைத் திரட்டினோம். டாக்காவுக்கான ஐ-821டி, வேலை அனுமதிக்கான ஐ-765 ஆகிய படிவங்களை நிரப்புவது பெரிய வேலை இல்லை. கட்டணம் 465 டாலர். ஐந்து ஆண்டுகள் இடைவெளியின்றி இங்கே இருந்தோம் என்று காட்டுவதுதான் கடினமாக இருந்தது. பள்ளியின் மதிப்பெண் பட்டியல் ஆகஸ்ட் முதல் மே வரைக்கும் போதும். கோடை மாதங்களுக்கு என்ன செய்வது? அதிலும் 2012 ஜூன் 15 அன்று நாட்டில் இருந்ததற்கும் சான்று வேண்டும். அது பள்ளி விடுமுறைக் காலம். அந்தத் தேதிக்கு முந்தைய நாள் பல் மருத்துவரிடம் போன ரசீதும், நூலகத்தின் கோடை வாசிப்புத் திட்டத்தில் அவள் பெயர் பதிந்திருந்த அட்டையும் கிடைத்தபோது எனக்கு உயிர் வந்தது. முந்தைய கோடைகளுக்குத் தடுப்பூசிப் பதிவுகளையும், பாட்டு வகுப்பு ஆசிரியை தேதியிட்டுக் கொடுத்த கடிதத்தையும், வார இறுதித் தமிழ்ப் பள்ளியின் சான்றிதழ்களையும் வைத்தோம். இத்தனை நாளும் யார் கண்ணிலும் படாமல் பீரோவுக்குள் வைத்திருந்த, காலாவதியான ஐ-94 தாளையும் இணைத்தோம். 2012 ஜூன் 15-இல் அவளுக்கு ஸ்டேட்டஸ் இல்லை என்பதை அதுதான் நிரூபித்தது. பிள்ளையின் பெயரும் தேதியும் உள்ள எந்தக் காகிதத்தையும் கிழித்துப் போடாதீர்கள் என்று இன்றும் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் முகவரியை நாங்களே அரசிடம் எழுதிக் கொடுக்கிறோம் என்ற அச்சம் உறையை ஒட்டும் வரை போகவில்லை. 2009 முதல், உள்ளூர்ச் சிறையை நடத்தும் க்வினெட் ஷெரிஃப் அலுவலகம் குடியேற்றத் துறையோடு ஒப்பந்தம் செய்திருந்ததால், உரிமமின்றி வண்டி ஓட்டிப் பிடிபட்டுச் சிறைக்குப் போனவர் அங்கிருந்தே நாடு கடத்தலுக்கு அனுப்பப்படும் நிலை இருந்தது. என் கணவரின் ஓட்டுநர் உரிமம் விசாவோடு முடிந்திருந்தது. கைரேகை பதிய அவளை ஒரு தோழிதான் காரில் அழைத்துப் போனாள். அக்டோபரில் அனுமதி வந்தது. அதை வைத்து அவள் சோஷியல் செக்யூரிட்டி எண் பெற்றாள், ஓட்டுநர் உரிமமும் எடுத்தாள். இனிக் கல்லூரிக்கு ஒரு தடையும் இல்லை என்று நினைத்தோம்.

அந்த நினைப்பு தவறு என்பது பதினோராம் வகுப்பில் தெரிந்தது. ஜார்ஜியாவின் அரசுப் பல்கலைக்கழகங்களை நிர்வகிக்கும் வாரியம் 2010 அக்டோபரில் ஒரு விதியை இயற்றியிருந்தது. தகுதியுள்ள அனைவருக்கும் இடம் கொடுக்க இயலாத அளவுக்குப் போட்டியுள்ள நிறுவனங்கள், நாட்டில் சட்டப்படி இருப்பவர் என்று உறுதிசெய்ய முடியாத எவரையும் சேர்க்கக் கூடாது என்பதே அந்த விதி. ஜார்ஜியா பல்கலைக்கழகம், ஜார்ஜியா டெக் உட்பட ஐந்து நிறுவனங்களுக்கு அது பொருந்தியது. டாக்கா பெற்றவர்கள் அனுமதிக் காலத்தில் சட்டப்படி இருப்பவர்களாகக் கருதப்படுவர் என்று மத்திய அரசு விளக்கியிருந்தும், மாநிலம் அதை ஏற்கவில்லை. மற்ற அரசுக் கல்லூரிகளில் சேரலாம். ஆனால் வெளிமாநிலத்தவருக்கான கட்டணம் கட்ட வேண்டும், அது உள்ளூர் மாணவர் கட்டுவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. லாட்டரிப் பணத்தில் மாநிலம் தரும் ஹோப் உதவித்தொகைக்கு அவள் மதிப்பெண்கள் போதுமானவை; குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாததால் அதுவும் கிடைக்காது. மத்திய அரசின் கல்வி உதவியும் இல்லை, கல்விக் கடனும் இல்லை.

பள்ளிக் கவுன்சிலர் நல்லவர்தான், ஆனால் இந்த விதியை அவர் அறிந்திருக்கவில்லை. நீ கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளை ஊக்குவித்துக்கொண்டே இருந்தார். அவள் மனத்தில் வைத்திருந்த பல்கலைக்கழகத்தைத் தொலைபேசியில் அழைத்துப் பெயர் சொல்லாமல் விசாரித்தபோது, டாக்கா மாணவரின் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க இயலாது என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். பத்து ஆண்டுகள் அதே மாநிலத்தில் படித்து, அங்கேயே வரி கட்டிய வீட்டுப் பிள்ளையை வெளிமாநிலத்தவள் என்று எழுதுவது அநியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அந்தக் கோடையில் அவள் புத்தகத்தைத் தொடவே இல்லை. எதற்குப் படிக்க வேண்டும் என்று கேட்ட பிள்ளைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

வழி காட்டியது ஃப்ரீடம் யுனிவர்சிட்டி. இந்த விதியால் வெளியே நிறுத்தப்பட்ட மாணவர்களுக்கு இலவசமாகப் பாடம் நடத்த 2011-இல் ஜார்ஜியாவிலுள்ள ஏதென்ஸ் நகரில் பேராசிரியர்கள் தொடங்கி, பின்னர் அட்லாண்டாவுக்கு மாறிய அமைப்பு அது. வார இறுதியில் அங்கே போகத் தொடங்கிய பிறகுதான், தன்னைப் போல் இத்தனை பேர் இருப்பதை அவள் கண்ணால் பார்த்தாள். நாங்கள் தமிழ் வட்டாரத்தில், கிரீன் கார்டு வந்துவிட்டதா என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிப் பழகியவர்கள். அவளோ மெக்சிகோவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து தன் கதையை உரக்கச் சொல்லப் பழகினாள். தி ட்ரீம்.யுஎஸ் (TheDream.US) அமைப்பு, ஜார்ஜியா போன்ற மாநிலங்களில் கதவடைக்கப்பட்ட மாணவர்களுக்காக 2016-இல் புதிய உதவித்தொகை ஒன்றைத் தொடங்குகிறது என்ற செய்தியும் அங்கேதான் கிடைத்தது. டெலவேர் ஸ்டேட் பல்கலைக்கழகமும் கிழக்கு கனெக்டிகட் ஸ்டேட் பல்கலைக்கழகமும் இடம் தர முன்வந்திருந்தன. கல்விக் கட்டணம், விடுதி, உணவு என நான்கு ஆண்டுகளுக்கு 80,000 டாலர் வரை கிடைக்கும். கட்டுரையை அவள் ஏழு முறை திருத்தி எழுதினாள். டெலவேரில் இடம் கிடைத்தது.

ஆகஸ்டில் தோழியின் குடும்பம் அவளை அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் டோவர் நகருக்குக் கொண்டுபோய் விட்டது. நாங்கள் போகவில்லை, அத்தனை மாநிலங்களைக் கடந்து பயணம் செய்யும் துணிவு எங்களுக்கு இல்லை. அவள் விடுதி அறையை நான் புகைப்படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

2017 செப்டம்பர் 5 அன்று டாக்காவை ரத்து செய்வதாக டிரம்ப் அரசு அறிவித்தது. 2018 மார்ச் 5-க்குள் அனுமதி முடிகிறவர்கள் மட்டும், அக்டோபர் 5-க்குள் மனு போய்ச் சேரும்படி புதுப்பித்துக்கொள்ளலாம் என்றார்கள். அவளுடைய அனுமதி அந்த அக்டோபர் கடைசியில் முடிய இருந்தது. கட்டணம் அப்போது 495 டாலர் ஆகியிருந்தது. பணத்தைத் திரட்டி, பழைய நகல்களை வைத்துப் படிவங்களை நிரப்பி, கையெழுத்து வைக்கும் இடத்தைத் தொலைபேசியிலேயே இருமுறை சரிபார்த்து, இரண்டு வாரத்தில் அனுப்பினோம். பிறகு 2020 ஜூன் 18 அன்று, அந்த ரத்து முறையற்றது என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அவள் பட்டம் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

இப்போது அவள் வேலை பார்க்கிறாள். அனுமதி முடிவதற்கு 150 நாள்களுக்கு முன்பே புதுப்பிக்கும் மனுவை அனுப்பிவிடுகிறாள். 2021 ஜூலையில் டெக்சாஸ் நீதிமன்றம் விதித்த தடைக்குப் பின் புதிய மனுக்களுக்கு அனுமதி கிடைப்பதில்லை. இப்போது பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் பலர் 2007 ஜூனுக்குப் பிறகு வந்தவர்கள். அந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் அவர்களுக்கு அத்திட்டத்தில் இடமே இல்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு பையன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் அவன் அம்மாவிடம் ஒரு கோப்பு வாங்கச் சொன்னேன். முதல் பக்கத்தில் அவனுடைய தடுப்பூசி அட்டையை வைத்திருக்கிறோம்.