கிணத்துக்கடவு தாண்டினால் அனல்

பொள்ளாச்சியில் வண்டியை எடுக்கும்போது ஏசி நன்றாகத்தான் இருக்கும். கிணத்துக்கடவு தாண்டியதும் இடது பக்கம் மட்டும் சூடு வர ஆரம்பிக்கும். டிரைவர் பக்கம் சில்லென்று காற்று, முழங்கால் வலிக்காக முன் சீட்டில் உட்காரும் அத்தையின் பக்கம் அனல். கோவை வந்து சேர்வதற்குள் சேலைத் தலைப்பு நனைந்துவிடும். இரண்டு கோடைக்காலம் இப்படியே போனது.

மாமா 1990களில் ஆசைப்பட்டு வாங்கிய ஜெர்மன் கார் அது. மாமா போய் ஆறு வருஷமாகிறது. விற்றுவிட்டு ஒரு சின்ன வண்டி வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்தாயிற்று. அத்தை அசையவில்லை.

நான் கார் மெக்கானிக் இல்லை. கோவையில் நூற்பாலை இயந்திரங்களின் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சரிசெய்வதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் தொழில். அதனால் அத்தை முதலில் என்னிடம் சொல்லவும் இல்லை. மூன்று ஏசி கடைகள் பார்த்த பிறகுதான் விஷயம் எனக்கு வந்தது. முதல் கடையில் கேஸ் குறைவு என்று கேஸ் அடித்தார்கள். இரண்டாவது கடையில் கன்டென்சரைக் கழற்றிக் கழுவிவிட்டு மறுபடி கேஸ் அடித்தார்கள். மூன்றாவது இடத்தில் டாஷ்போர்டில் இருக்கும் கன்ட்ரோல் பேனலே போய்விட்டது, வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டும், நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். வேண்டாமென்றால் ஹீட்டருக்கு எஞ்சின் வெந்நீர் கொண்டுபோகும் ரப்பர் குழாயை, அதாவது ஓஸை, ஹீட்டருக்குப் போகாதபடி வளைத்து மாட்டிவிடலாம், “நம்ம ஊருக்கு எதுக்குங்க ஹீட்டர்?” என்றும் கேட்டிருக்கிறார்கள்.

அத்தையின் மகள் வால்பாறையில் இருக்கிறாள். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஆடி மாதம் அந்த மலையில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மழையில் முன் கண்ணாடி உள்பக்கம் எப்படிப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும் என்று. ஏசியும் ஹீட்டரும் சேர்ந்து ஓடினால்தான் அது சீக்கிரம் தெளியும். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஹீட்டர் அந்தக் காய்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியில் அடிக்கும். எதிரில் பஸ் வரும் வளைவில் கண்ணாடி தெரியவில்லை என்றால் என்ன ஆகும்? ஹீட்டரை வெட்டிவிடுவதற்கு நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொள்ளாச்சி போனேன். என்ன நடக்கிறது என்று அத்தையையே சொல்லச் சொன்னேன். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “சூடு வந்தா நான் இங்க ஒரு தட்டு தட்டுவேன் கண்ணு. கொஞ்ச நேரம் சரியாயிரும். அப்புறம் மறுபடி வரும்” என்று பேனலின் இடது ஓரத்தைக் காட்டினார்கள்.

“இதைக் கடையில சொன்னீங்களா அத்தை?”

“சொன்னேன். யாரு காதுல வாங்குனாங்க?”

எனக்குப் பாதி வேலை அங்கேயே முடிந்தது. தட்டினால் சரியாகிறது என்றால் எங்கள் தொழிலில் ஒன்றே ஒன்றைத்தான் முதலில் சந்தேகப்படுவோம், டிரை சால்டர், அதாவது போர்டில் ஈயப் பற்று விட்டுப்போன இடம். ஆனாலும் நேராகப் போய் பேனலைக் கழற்றவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிணத்துக்கடவு வரை போனோம். இரண்டு பக்கக் காற்று வாயிலும் ஒவ்வொரு தெர்மாமீட்டர் செருகியிருந்தேன். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் இரண்டிலும் 9 டிகிரி. இருபது நிமிஷம் கழித்து வலது பக்கம் அதே 9, இடது பக்கம் 34. ஓரங்கட்டி பானட்டைத் திறந்தேன். ஹீட்டருக்குப் போகும் இடது ஓஸ் கை வைக்க முடியாமல் கொதித்தது. துணியைச் சுற்றி, ஒரு கிளாம்ப் போட்டு அந்த ஓஸை இறுக்கி நசுக்கினேன். ஐந்து நிமிஷத்தில் இடது பக்கமும் 11 டிகிரிக்கு இறங்கியது. கேஸும் கம்ப்ரஸரும் கன்டென்சரும் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்துகொண்டிருந்தன. வெந்நீர் போகக்கூடாத நேரத்தில் போனது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள இந்தக் காரின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இப்போது ஓடும் பெரும்பாலான கார்களில் டாஷ்போர்டுக்குள் ஒரு தகடு அசையும். குளிர்ந்த காற்றில் எவ்வளவு ஹீட்டர் வழியாகப் போகலாம் என்பதை அதுதான் முடிவுசெய்யும். இதில் அந்தத் தகடு கிடையாது. எல்லாக் காற்றும் முதலில் கூலிங் காயிலைத் தாண்டி, அப்புறம் ஹீட்டரையும் தாண்டித்தான் வெளியே வரும். ஹீட்டருக்குள் எஞ்சின் தண்ணீரை எவ்வளவு விடுவது என்பதில்தான் வெப்பநிலை அடங்கியிருக்கிறது. அதற்கு ஒரு மின்சார வால்வு, இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. எஞ்சின் தண்ணீர் 90 டிகிரியை ஒட்டி இருக்கும். வால்வு கொஞ்சம் திறந்தாலே கூலிங் காயில் செய்த வேலை வீண்.

அந்த வால்வில் கரன்ட் வந்தால் மூடும். கரன்ட் இல்லாவிட்டால் ஸ்பிரிங் திறந்துவிடும். முதலில் பார்ப்பவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். பனி கொட்டும் ஊரில் யோசித்துப் பார்த்தால் நியாயம் விளங்கும். அங்கே ஒரு ஒயர் அறுந்தாலும் ஹீட்டர் நிற்கக் கூடாது. நின்றால் கண்ணாடியில் பனி உறைந்து வழி தெரியாது. அதனால் எது பழுதானாலும் சூடு வரும்படி அமைத்திருக்கிறார்கள். அதே ஏற்பாடு சித்திரை வெயிலில் அத்தையை வேகவைத்தது.

டிகிரியைச் சொல்லி வைத்தால் மீதியைக் கார் பார்த்துக்கொள்ளும் என்பது 1964 மாடல் கேடிலாக்கில் வந்த யோசனை. கம்பெனியிலேயே ஏசி பொருத்தி வந்த முதல் கார் 1940 மாடல் பேக்கார்டு. அதில் ஏசியை நிறுத்த வேண்டுமென்றால் வண்டியை நிறுத்தி, பானட்டைத் திறந்து, கம்ப்ரஸரின் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இந்தப் பழைய பேனல் மேல் மரியாதை கூடிப்போகிறது.

சரி, வால்வுக்கு வருவோம். பிளக்கைப் பிடுங்கி இரண்டு வால்வுகளின் மின்காயிலையும் அளந்தேன், இரண்டும் 14 ஓம். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தேன், டக்கென்று மூடியது. வால்வு நல்லது. கோளாறு பேனலில்தான்.

பேட்டரியைக் கழற்றும் முன் ஒரு விஷயம். அந்தக் காலத்து கார் ரேடியோக்கள் பல பேட்டரி போனால் ரகசிய எண் கேட்கும். எண் தெரியாவிட்டால் ரேடியோ ஊமை. அத்தை பீரோவிலிருந்து வண்டியின் புத்தகத்தை எடுத்து வந்தார்கள். பின் அட்டையின் உள்பக்கம் மாமாவின் சாய்ந்த கையெழுத்தில் நான்கு எண்களும், கீழே “பேட்டரி மாற்றும்போது மறக்காதே” என்றும் இருந்தது. அத்தை அந்தப் பக்கத்தை விரலால் ஒருமுறை தடவிவிட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

பேனலைப் பட்டறைக்குக் கொண்டுவந்து மேஜை விளக்கில் வைத்து, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். வால்வுகளை ஓட்டும் இரண்டு டிரான்சிஸ்டர்கள் போர்டின் இடது ஓரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றின் நடுக்காலைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம். கால் தனியாக, ஈயம் தனியாக. பல் குத்தும் குச்சியால் தொட்டால் கால் மட்டும் ஆடியது. ஏசி ஓடும்போது வால்வை மூடியே வைக்க வேண்டியிருப்பதால் அந்த டிரான்சிஸ்டர் சூடாகும், வண்டி நின்றால் ஆறும். சூட்டில் உலோகம் விரியும், ஆறினால் சுருங்கும். இத்தனை வருஷம் இப்படி விரிந்து சுருங்கி ஈயம் களைத்துப் பிளந்திருக்கிறது. காலையில் தொடுப்பு இருக்கும். இருபது நிமிஷத்தில் சூடேறியதும் விலகும். அத்தை தட்டினால் மறுபடி ஒட்டும். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்களின் போர்டுகளில் ரிலே கால்களைச் சுற்றி இதே வளையத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயம் வைத்து மெழுகுவது பலரும் செய்வது. அது ஒரு கோடைகூடத் தாங்காது. ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலான விக் வைத்துப் பழைய ஈயம் முழுவதையும் உறிஞ்சி எடுத்தேன். காலைச் சுரண்டினேன், கறுத்த படலம் போய்ப் பளபளப்பு வந்தது. பேஸ்ட் தொட்டு, 63க்கு 37 வெள்ளீயமும் காரீயமும் கலந்த கம்பியால் பற்றவைத்தேன். அந்தக் கலவை 183 டிகிரியில் உருகி, கூழ் மாதிரி இழுபடாமல் உடனே இறுகும். புகை அடங்கியதும் பார்த்தால் காலைச் சுற்றி ஈயம் சின்னக் கோயில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி சரிவாக, கண்ணாடி போல நின்றது. பக்கத்து டிரான்சிஸ்டரில் வளையம் இன்னும் விழவில்லை. அதையும் விடவில்லை. வயது இரண்டுக்கும் ஒன்றுதானே.

செலவு என்று சொன்னால் ஒரு சாண் ஈயக் கம்பி. “போர்டு போச்சு” என்று சொல்வதற்கு முன் ஒரு லென்ஸை எடுத்துப் பாருங்கள் என்று நான் பையன்களிடம் ஓயாமல் சொல்கிறேன். அதைவிட, வண்டியில் தினமும் உட்காருபவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும். அத்தையின் ஒரு தட்டு சொன்னதை மூன்று கடைகளின் கேஜ் மீட்டர்கள் சொல்லவில்லை.

அடுத்த வாரம் பேனலை மாட்டி, மாமாவின் எண்களைப் போட்டு ரேடியோவை எழுப்பி, அத்தையையும் ஏற்றிக்கொண்டு கோவைக்குக் கிளம்பினேன். இரண்டு தெர்மாமீட்டரும் அதே இடத்தில். கிணத்துக்கடவு வந்தது. இடது பக்கம் 9. அத்தையின் கை பழக்கத்தில் பேனல் பக்கம் போய், தட்டாமல், காற்று வரும் இடத்தில் விரிந்து நின்றது. ஒத்தக்கால்மண்டபம் வரும் வரை அந்தக் கையை அவர்கள் எடுக்கவில்லை.

“கொஞ்சம் குறைச்சு வையி கண்ணு, குளிருது” என்றார்கள்.