நிலையான குறி கொண்ட பழைய ரிவால்வர்: வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுத்த அனுபவம்

முதலில் பார்த்த ரிவால்வரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து நாளாகியும், அதை என் தலையில் கட்டப் பார்த்தவர் மீதான கோபம் இன்னும் அடங்கவில்லை. தொலைபேசியில் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "அசல் நிலை, யாரும் கை வைத்ததில்லை." அதை நம்பித்தான் அவ்வளவு தூரம் போனேன்.

அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் விக்டரி மாடல்; வரிசை எண் வி என்ற எழுத்தில் தொடங்கியது, கைப்பிடியின் அடியில் கயிறு கோக்கும் வளையமும் இருந்தது. பிரிட்டிஷ் படைகளுக்காக 5 அங்குலக் குழலோடு, 38 எஸ் அண்ட் டபிள்யூ தோட்டாவுக்கு இந்த வகையை ஏராளமாகச் செய்தார்கள். போருக்குப் பின் இவற்றில் பலவற்றின் சிலிண்டரில் (தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளை) உள்ள அறைகளை ஆழமாகக் குடைந்து, நீளமான 38 ஸ்பெஷல் தோட்டா போகும்படி மாற்றி, குழலையும் வெட்டிக் குட்டையாக்கி விற்றுவிட்டார்கள். என் கையில் கொடுக்கப்பட்டதும் அப்படி மாற்றப்பட்ட ஒன்று என்பது குழலைப் பார்த்தவுடனே தெரிந்தது: நீளம் 4 அங்குலம்தான் இருந்தது, குழலோடு ஒரே உலோகமாக இருக்க வேண்டிய முன்குறியின் (குறிபார்க்கக் குழல் நுனியில் நிற்கும் மேடு) அடியில் ஈயப் பற்று மெல்லிய கோடாக மின்னியது.

முன்குறியைப் பற்றி நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. நிலையான குறி கொண்ட ரிவால்வரில் பின்குறி என்பது துப்பாக்கி உடற்சட்டத்தின் மேல்பட்டையில் வெட்டிய ஒரு பள்ளம் மட்டுமே. திருகைத் திருப்பி ஏற்றி இறக்க வழி கிடையாது. ஆலையிலிருந்து வெளிவந்தபோது எங்கே சுட்டதோ, அதுதான் அதன் வாழ்நாள் முழுமைக்கும் குறி. குழலை வெட்டிய ஒருவர் முன்குறியை ஏதோ ஓர் உயரத்தில், கண் மதிப்பில் பற்றவைத்திருந்தால், அதோடு அந்தக் கணக்கு கெட்டுவிடுகிறது. குண்டு தாழ்வாகப் பட்டால் முன்குறியை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவிச் சரிசெய்யலாம். மேலே பட்டால் ராவுவதற்கு எதுவும் இல்லை. உலோகத்தைச் சேர்க்கத்தான் வேண்டும். இடமோ வலமோ விலகினால் குழலையே இம்மியளவு திருப்ப வேண்டியிருக்கும், அது தேர்ந்த கைவினைஞரின் வேலை.

சிலிண்டர் காலி என்பதை உறுதிசெய்துகொண்டு, வெளிச்சத்தில் அறைகளைப் பார்த்தேன். சுட்ட தோட்டாவின் வெற்றுக் குப்பி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, விற்பவர் தயங்கித் தயங்கி ஒரு பையிலிருந்து சிலவற்றை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றும் அடிப்பக்கத்தில் பருத்திருந்தது, ஒன்றில் நெடுக மயிரிழை விரிசல் ஓடியது. 38 எஸ் அண்ட் டபிள்யூ குப்பி 38 ஸ்பெஷலைவிடச் சற்றுப் பருமனானது. ஆகவே குடைந்த அறையின் பின்பகுதியில் மெல்லிய குப்பிக்குப் பிடிமானம் இல்லாமல் அது உப்பிவிடுகிறது. குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்துக் காட்டினேன். "எல்லாப் பழைய துப்பாக்கியும் அப்படித்தான்" என்றார். சுட்டுப் பார்க்கவும் அனுமதிக்கவில்லை. பழைய ரிவால்வர் பார்க்கப் போகிறவர்கள் புறப்படும் முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: குழலின் நீளம் என்ன, சுட்டுப் பார்க்க விடுவீர்களா? இவ்விரண்டுக்கும் தெளிவான பதில் வராத இடத்துக்குப் பயணச் செலவு வீண்.

இரண்டாவதாகக் கிடைத்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் மாடல் 10-5, 4 அங்குலக் குழல், 38 ஸ்பெஷல். 1957-இல் அந்த நிறுவனம் தன் ரிவால்வர்களுக்கு மாடல் எண்கள் கொடுக்கத் தொடங்கியபோது பழைய மிலிட்டரி அண்ட் போலீஸ் வகைக்குக் கிடைத்த எண்தான் 10. வெளிப்பூச்சு ஆங்காங்கே தேய்ந்திருந்தது. அது எனக்கு நிம்மதியையே தந்தது. எழுத்துகளின் விளிம்பு மழுங்காமலும், திருகுத் துளைகளின் ஓரம் குழியாமலும் இருந்ததால், யாரும் பாலிஷ் போட்டுப் புதுப்பூச்சு ஏற்றவில்லை என்று தெரிந்தது. குழலுக்கும் சிலிண்டருக்கும் இடைப்பட்ட வெளி, மெல்லிய தகடுகளைச் செருகி இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 0.15 மி.மீ. வந்தது, 0.1 முதல் 0.2 வரை இருந்தால் நல்லது. தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியைப் பின்னுக்கு ஏற்றி நிறுத்திப் பெருவிரலால் பின்னிருந்து அழுத்தியபோது அது நழுவவில்லை. குழலுக்குள் கரு வளையம் எதுவும் இல்லை, அதாவது குண்டு சிக்கி உப்பிய தடயம் இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் வந்தது. சிலிண்டரின் மேல் விரலை இலேசாக வைத்துக்கொண்டு சுத்தியை மிக மெதுவாக இழுத்தால், சுத்தி முழுதாக ஏறி நிற்பதற்கு முன்பே சிலிண்டர் பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறைகள் சரியாகப் பூட்டின. ஆறாவது, பூட்ட வேண்டிய இடத்துக்கு ஒரு மயிரிழை முன்பாகவே நின்றுவிட்டது. உடன் வந்த நண்பர் அங்கேயே வேண்டாம் என்றார். ஆனால் இந்த வகை ரிவால்வரில் குப்பிகளை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகடு சற்று ஆடினால், காலிச் சிலிண்டரில் செய்யும் சோதனை தவறான முடிவைக் காட்டும். அறைகளில் வெற்றுக் குப்பிகளைப் போட்டு அந்தத் தகட்டுக்கு அணை கொடுத்துவிட்டு மறுபடி இழுத்தேன்: ஆறும் 'டிக்' என்று பூட்டின. நல்ல பொருளை அநியாயமாகக் கழித்துவிடாமல் தடுத்த சோதனை இது.

சுடும் இடத்தில் விற்பவர் கொண்டுவந்திருந்தவை 125 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) எடையுள்ள இலேசான குண்டுகள். மணல் மூட்டையில் கையைத் தாங்கி 25 மீட்டரில் சுட்டபோது எல்லாம் குறிக்குக் கீழே கூடின. நிலையான குறிகளை இந்த வகையில் 158 கிரெய்ன் குண்டுக்கு ஏற்பவே அமைத்திருப்பார்கள். இலேசான, வேகமான குண்டு, துப்பாக்கி உதைத்து எழுவதற்குள் குழலைவிட்டுப் போய்விடுவதால் தாழ்வாகப் படும். 158 கிரெய்ன் குண்டுகள் கிடைக்கும்வரை முடிவு சொல்ல மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றேன். கிடைத்தபின் சுட்டதில், குண்டுகள் எல்லாம் முன்குறியின் உச்சி காட்டிய இடத்திலேயே கூடி உட்கார்ந்தன. என் கைப்பழக்கமாக இருக்குமோ என்று நண்பரையும் சுடச் சொன்னேன், அவருக்கும் அதே இடம். ஒருவேளை தாழ்வாகவே பட்டிருந்தால் ராவ வேண்டிய அளவைக் கணக்கிடுவது எளிது: விலகலை இரு குறிகளுக்கு இடைப்பட்ட நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். 150 மி.மீ. இடைவெளியும் 25 மீட்டர் தூரமும் இருந்தால், 10 செ.மீ. விலகலுக்கு 0.6 மி.மீ. ராவினால் போதும்.

இவ்வளவும் முடிந்து, உரிமமும் கையில் இருக்க, காகிதத்தில் வந்தது வினை. பெயர் மாற்றப் பத்திரத்தில் இருந்த எண்ணும் துப்பாக்கியில் இருந்த எண்ணும் பொருந்தவில்லை என்று அலுவலர் திருப்பி அனுப்பிவிட்டார். எந்த எண், எங்கே பார்த்தது என்று கேட்டால் பதில் இல்லை. "பொருந்தவில்லை, அவ்வளவுதான்" என்று கோப்பைத் தள்ளினார். காரணத்தைக் கண்டுபிடித்தது நாங்களே. முந்தைய உரிமையாளர் பெரிய மரக் கைப்பிடி மாட்டியிருந்ததால் அடிப்பாகத்திலிருந்த வரிசை எண் மறைந்துவிட்டது. யாரோ சிலிண்டரைத் திறந்து, மாடல் எண்ணுக்கு அருகில் தெரிந்த தொழிற்கூட எண்ணை (ஆலையில் பாகங்களைச் சேர்க்கும்போது இடுவது) பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். பொருத்தமான திருப்புளியால் கைப்பிடியைக் கழற்றியதும் சி என்ற எழுத்தோடு உண்மையான எண் தெளிவாகத் தெரிந்தது. அதைப் படமெடுத்து, விற்பவரை நேரில் அழைத்துச் சென்று எழுத்துமூலம் திருத்தக் கோரியபின்தான் கோப்பு நகர்ந்தது. பணம் கொடுக்கும் முன் கைப்பிடியைக் கழற்றி எண்ணைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

கைப்பிடி கழன்றதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. அசல் கைப்பிடிப் பலகைகள் எங்கே என்று விற்பவரிடம் கேட்டு நச்சரித்ததில், அவர் பழைய பெட்டி ஒன்றைக் குடைந்து தேடிக் கொண்டுவந்து கொடுத்தார்; வலப்பலகையின் உட்புறத்தில் குத்தியிருந்த எண், துப்பாக்கியின் எண்ணேதான். அதற்குத் தனி விலை கேட்கவும் இல்லை.