மினி கூப்பருக்கு நாலு ரயர்

ஏப்ரல் நடுப்பகுதி. குளிர்கால ரயர்களைக் கழற்றிவிட்டு 17 அங்குலச் சில்லுகளைப் பூட்டி ஒரு கிழமை கூட ஆகவில்லை. இரவு வேலை முடிந்து ரொறன்ரோ ஸ்காபரோவில் லோறன்ஸ் வீதியால் வந்துகொண்டிருந்தேன், நல்ல மழை. முன்னால் தேங்கி நின்றதை வெறும் தண்ணீர் என்று நினைத்துவிட்டேன். தண்ணீருக்குள் ஒரு கிடங்கு இருந்திருக்கிறது. முன் இடது சில்லு அதற்குள் விழுந்து எழும்பிய சத்தத்தில் பல்லெல்லாம் கூசியது. இங்கே கார் ஓடுகிற ஆட்களுக்கு இது புதினமில்லை, பனி உருகிய தண்ணீர் தாருக்குள் இறங்கி இரவில் உறைந்து வீங்கி, திரும்ப உருகி, சித்திரை பிறக்கும்போது வீதி முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிக் கிடக்கும்.

விடியப் பார்த்தால் ரயரின் பக்கச் சுவரில் ஒரு கொழுக்கட்டை அளவு வீக்கம்.

கார் 2017 மினி கூப்பர் எஸ். பாவித்த காராக வாங்கினது. இரண்டு லீற்றர் ரேர்போ இயந்திரம், கையால் கியர் மாற்றுகிற வகை. மனிசிக்கு அது கார் இல்லை, "உங்கட விளையாட்டுச் சாமான்". அதோடு வந்த ரயர்கள் ரன்பிளாற், அதாவது காற்று முழுக்கப் போனாலும் பக்கச் சுவரே காரைத் தாங்கி மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் இன்னொரு 80 கிலோமீட்டர் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்கிற வகை. அதனாலேயே இந்தக் காரில் உதிரிச் சில்லும் இல்லை, அதற்கு இடமும் இல்லை.

வழமையாகப் போகிற கராஜ் அண்ணை வீக்கத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, உள்ளுக்க நார் அறுந்துட்டுது. இதுக்கு வைத்தியம் இல்லை. ஹைவேக்கு மட்டும் கொண்டு போகாதை" என்றார். பிறகு அளவுகோலை எடுத்து மற்ற மூன்றையும் பார்த்தார். முன் வலதில் மூன்று மிச்சம், பின்னால் நாலு. இங்கே கராஜ்காரர் தவாளிப்பின் ஆழத்தை அங்குலத்தின் 32இல் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள், மூன்று என்றால் ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர். இங்கே ஒன்ராறியோ மாகாணச் சட்டம் 1.5 மில்லிமீற்றர் வரை விடும். ஆனால் மழையில் தண்ணீரை வெட்டி ஒதுக்குகிற வேலையை ரயர் அதற்கு வெகு முன்னமே கைவிட்டுவிடும், அந்த அங்குலக் கணக்கில் நாலுக்குக் கீழே போனால் மாற்றுகிற யோசனை வரவேண்டும்.

எனக்கு ஒன்று மட்டும் வாங்கித் தப்பப் பார்க்கிற எண்ணம்தான் முதலில். ஒரே அச்சில் ஒன்று புதிது, ஒன்று தேய்ந்தது என்று ஓடினால் இரண்டின் சுற்றளவும் வேறு, இரண்டு சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற டிஃபரன்ஷல் பெட்டிக்கு ஓய்வே இராது என்றார் அண்ணை. சரி இரண்டு வாங்குகிறேன், முன்னுக்குப் போடுவோம் என்றேன். அவர் சிரித்தார். இரண்டு வாங்கினால் புதியவை பின்னுக்குத்தான் போகவேண்டுமாம், முன்சில்லு இழுக்கிற காராக இருந்தாலும். முன்பக்கம் வழுக்கினால் ஸ்ரியறிங்கால் ஏதோ சமாளிக்கலாம், ஈரத்தில் பின்பக்கம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றிவிடும். அது விளங்கியது. அப்படிச் செய்தால் முன்னுக்கு வரப்போகிற பழைய பின் ரயர்களும் மாற்றுகிற எல்லையில்தான் நிற்கின்றன, ஆக நாலும் வாங்குவது என்று முடிவு. அது மட்டும்தான் ஒரே நாளில் முடிந்த விஷயம், மிச்சத்துக்கு மூன்று கிழமை எடுத்தது.

முதலில் எந்த வகை என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. "ஓல் சீசன்" என்று பெயர் வைத்தவன் கனடாவில் இருந்திருக்கமாட்டான். எல்லாப் பருவத்துக்கும் என்றால் சனவரிக்கும் என்றுதானே நினைப்போம்? நான் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் அப்படித்தான் நினைத்து, சிவப்பு விளக்கில் பிறேக்கை அழுத்தியபடியே மெதுவாகச் சந்தியைக் கடந்து போனேன், நல்ல காலம் எதிரில் ஒருவரும் வரவில்லை. ரயரில் எம் பிளஸ் எஸ் என்று இருப்பது சேறு, பனி என்பதன் சுருக்கம், அது தவாளிப்பின் வடிவத்தை வைத்துக் கொடுக்கிற அடையாளம். பனியில் ஓட்டிப் பார்த்து அதைக் கொடுப்பதில்லை. மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் போட்ட படம் இருந்தால்தான் பனியில் சோதித்துத் தேறிய ரயர் என்று அர்த்தம். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிந்த கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அந்த அடையாளம் உள்ள ரயரோ ஆணி ரயரோ சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயம் இல்லை, ஆனால் குளிர்கால ரயர் போட்டால் காப்புறுதிக்காரர் கழிவு கொடுக்கவேண்டும் என்று 2016இலிருந்து விதி இருக்கிறது. கேட்டால்தான் கொடுப்பார்கள், கேளுங்கள்.

ஓல் சீசனுக்கும் குளிர்கால ரயருக்கும் நடுவில் "ஓல் வெதர்" என்று ஒரு வகை இருக்கிறது. மலைப்படம் போட்டது, வருடம் முழுக்கக் கழற்றாமல் ஓடலாம். மிஷெலினின் குறொஸ்கிளைமற் 2 அந்த வகை. மச்சான் ஒருவன் அதைத்தான் தன் கொரோலாவுக்குப் போட்டிருக்கிறான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில்லு மாற்றுகிற காசும் மினக்கேடும் இல்லை என்று ஒரே புளுகம். அவனுக்கு அது சரி. என்னிடம் ஏற்கெனவே 16 அங்குல இரும்புச் சில்லுகளில் 195/55 அளவு குளிர்கால ரயர்கள் நல்ல நிலையில் இருக்கின்றன, மொன்றியலில் இருக்கிற அக்கா வீட்டுக்கு சனவரியிலும் போகிற ஆள் நான். ஆகவே எனக்கு வேண்டியது ஏப்ரலில் இருந்து நவம்பர் வரை ஓடுகிற ரயர்.

அப்படியானால் கோடை ரயர் போடலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்தக் காருக்கு அதுதான் அழகு, வளைவுகளில் ஒட்டிக்கொண்டு போகும். ஆனால் 7 பாகைக்குக் கீழே போனால் அந்த றப்பர் இறுகிவிடும். இங்கே ஏப்ரலில் விடிய 2 பாகை, பின்னேரம் 17 பாகை என்று இருக்கும், ஒக்ரோபர் கடைசியும் அப்படித்தான். நான் வேலைக்குப் போவது விடிய ஐந்தரைக்கு. எனவே கோடை ரயருக்குக் கிட்ட நிற்கிற, வேகத்துக்குச் செய்த ஓல் சீசன் வகைதான் என்று வந்து நின்றது.

அடுத்தது ரன்பிளாற் தொடர்வதா விடுவதா. நான் அதிகம் மண்டையை உடைத்தது இதில்தான். விலை விசாரித்தேன், ஒன்று 370 டொலர், வரிக்கு முன். சாதாரண ரயர் 240, 250க்குள். ஆனால் காசை விட வேறு ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ரன்பிளாற்றின் பக்கச் சுவர் தடிப்பு, விறைப்பு, பாரமும் கூட. மினியின் சஸ்பென்ஷன் ஏற்கெனவே விறைப்பு. இரண்டு விறைப்பும் சேர்ந்தால் ஒவ்வொரு கிடங்கும் முதுகெலும்பில் வந்து கையெழுத்து வைக்கும். மனிசி இரண்டு வருடமாகச் சொல்கிறார், பின் இருக்கையில் இருந்து மகனும் சொல்கிறான், நான்தான் "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான்" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, காற்றில்லாமல் ஓடிய ரன்பிளாற்றை ஒட்டித் திரும்பப் பாவிக்கப் பெரும்பாலான கராஜ்கள் சம்மதிக்காது, உள்ளே சுவர் எவ்வளவு சேதப்பட்டிருக்கிறது என்று வெளியில் இருந்து தெரியாது. ஒரு சின்ன ஆணிக்கு 370 டொலர் போகலாம்.

விட்டால் என்ன பயம்? இரவு 401 நெடுஞ்சாலையில் ரயர் வெடித்தால் உதிரிச் சில்லு இல்லை. மனிசியும் இடைக்கிடை அந்தக் காரைக் கொண்டு போவார். அவரிடமே கேட்டேன். "வெடிக்கிற அண்டைக்கு இழுவை வண்டியைக் கூப்பிடலாம், குலுக்கிறது ஒவ்வொரு நாளும்" என்றார். அதுவரை நான் படித்த அத்தனை விமர்சனங்களையும் விட அது தெளிவாக இருந்தது. கைக்கு அடக்கமான காற்றடிக்கிற இயந்திரம் ஒன்றும் ஓட்டை அடைக்கிற பசையும் வாங்கிப் பின்பெட்டிக்குள் போட்டேன், வீதி உதவிச் சந்தாவும் இருக்கிறது.

பிறகு அளவு. கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கிற தாளில் 205/45 ஆர் 17, சுமை எண் 88 என்று இருக்கிறது, அதாவது அகலம் 205 மில்லிமீற்றர், பக்கச் சுவரின் உயரம் அதில் 45 வீதம், சில்லு 17 அங்குலம். இந்த அளவு கடைகளில் அவ்வளவு கிடையாது, ஒரு கடைக்காரர் 215/45 கையிருப்பில் இருக்கிறது, நாலுக்கும் நூறு டொலர் குறைத்துத் தருகிறேன், சில்லுக்கும் பொருந்தும் என்றார். கணக்குப் பார்த்தால் விட்டம் 616 மில்லிமீற்றரில் இருந்து 625 ஆகிறது, ஒன்றரை வீதம் கூட, அதில் பெரிய பிரச்சினை இல்லை. ஆனால் அவர் காட்டியதில் சுமை எண் 87. 88 என்றால் ஒரு ரயர் 560 கிலோ தாங்கும், 87 என்றால் 545. பதினைந்து கிலோதானே என்று அவர் தோளைக் குலுக்கினார். கார் செய்தவன் போட்ட எண்ணுக்குக் கீழே போகக்கூடாது என்று அண்ணை தலையில் அடித்த மாதிரிச் சொல்லியிருந்தார், விட்டுவிட்டேன்.

கடைசியில் இரண்டு நின்றன. மிஷெலின் பைலற் ஸ்போர்ட் ஓல் சீசன் 4, கொன்ரினென்ரல் எக்ஸ்றீம்கொன்ராக்ற் டி.டபிள்யூ.எஸ். 06 பிளஸ். தேய்மான எண், அதாவது கூடினால் கூடக் காலம் ஓடும் என்கிற எண், மிஷெலினில் 540, கொன்ரினென்ரலில் 560. அந்த எண்ணை ஒவ்வொரு கம்பனியும் தானே சோதித்துப் போடுகிறது, அதனால் ஒரு கம்பனியின் ரயரை இன்னொன்றோடு ஒப்பிட அதை நம்பவேண்டாம். மிஷெலின் ஈரத்தில் பிறேக் பிடிப்பதிலும் ஸ்ரியறிங்கிலும் ஒரு படி மேல் என்றுதான் எனக்குப் பட்டது, ஆனால் ஒன்றுக்கு 50 டொலர் கூட. கொன்ரினென்ரலில் எனக்குப் பிடித்துப் போனது ஒரு சின்னப் புத்தி. தவாளிப்புக்குள் டி, டபிள்யூ, எஸ் என்று மூன்று எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். தேயத் தேய முதலில் எஸ் அழியும், இனிப் பனிக்கு உதவாது. பிறகு டபிள்யூ, இனி மழைக்கும் கவனம். மிஞ்சுவது டி, காய்ந்த வீதிக்கு மட்டும். அளவுகோல் இல்லாத ஆளும் குனிந்து பார்த்தால் விளங்கும். 50ஐ நாலால் பெருக்கிப் பார்த்தேன், கொன்ரினென்ரல் வாங்கினேன்.

ஒன்று 247 டொலர், பூட்டுகூலி, 13 வீத வரி எல்லாமாக 1,250ஐத் தாண்டியது.

பூட்டுவதற்கு அண்ணையிடம் போகமுடியவில்லை, அவருடைய பழைய இயந்திரம் ரன்பிளாற்றின் இறுகிய விளிம்பைக் கழற்றச் சில்லைக் கீறிவிடும் என்று அவரே வேறு இடத்துக்கு அனுப்பினார். போன இடத்தில் பூட்ட முதல் ரயர்களைக் காட்டச் சொல்லி உற்பத்தித் திகதி பார்த்தேன். பக்கச் சுவரில் இருக்கிற நீண்ட குறியீட்டின் கடைசி நாலு இலக்கம், 4823 என்றால் 2023ஆம் ஆண்டின் 48ஆவது கிழமை. நாலும் ஆறு மாதத்துக்குள். அந்த அளவுக்குக் கவனமாக இருந்த நான், காசைக் கட்டிவிட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நிறுத்திப் புது ரயரை ரசிக்கக் குந்தினேன். இந்த ரயர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை, வெளித் தோளில் பெரிய கட்டைகள், உள்ளே சின்னவை, அதனால் "அவுட்சைட்" என்று சுவரில் எழுதியிருக்கும். மூன்று சில்லில் அது தெரிந்தது. பின் வலதில் "இன்சைட்" என்று என்னைப் பார்த்துச் சிரித்தது. திரும்பப் போனேன். முன்னால் நின்ற பெடியன் அதனால் ஒன்றும் நடக்காது என்று தொடங்கினான், நான் சத்தம் போடவில்லை, சுவரில் இருந்த எழுத்தை மட்டும் காட்டினேன். அரைமணித்தியாலத்தில் மாற்றித் தந்தார்கள். சில்லு போல்ற்றுகள் இந்தக் காருக்கு 140 நியூட்டன் மீற்றர் முறுக்கில் இறுக்கவேண்டும், அதையும் நின்று பார்த்தேன், நூறு கிலோமீட்டர் ஓடியபின் வீட்டில் என்னுடைய சாவியால் இன்னொருமுறை இறுக்கிப் பார்த்தேன்.

ஓட்டம் எப்படி என்றால், முதல் நாலைந்து நாள் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்ரியறிங்கைத் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கார் திரும்புகிற மாதிரி இருந்தது. புது ரயரின் மேல்பூச்சுத் தேயவும் சில நூறு கிலோமீட்டர் வேண்டும். இரண்டு பி.எஸ்.ஐ. காற்றுக் கூட்டியபின் பாதி சரியாகிவிட்டது, மிச்சப் பாதிக்கு நான் பழகிவிட்டேன். பழைய கூர்மை இல்லை, அதை மறைக்கவில்லை. ஆனால் 401இன் கொங்கிறீற் இணைப்புகளில் முன்பு டக் டக் என்று வந்த அடி இப்போது தூரத்துச் சத்தம். மகன் பின்னால் நித்திரை கொள்கிறான்.

ஆவணியில் ஒருநாள் காற்றழுத்த விளக்கு எரிந்தது. பின் இடதில், தவாளிப்பின் நடுவில் ஒரு கூரைத் திருகாணி. பசையைத் தொடவில்லை, காற்றை மட்டும் அடித்துக்கொண்டு மெதுவாக அண்ணையிடம் போனேன். அவர் கழற்றி உள்பக்கத்தால் ஒட்டுப் போட்டார், நாற்பது நிமிடம், 30 டொலர். திருகாணியைக் கையில் தந்துவிட்டு, "பழைய ரயர் எண்டா இண்டைக்கு அழுதிருப்பாய்" என்றார்.